புது ரைபிள் வந்த வருஷம்

தேயிலை விலை விழுந்தால் துப்பாக்கி நன்றாக விற்கும் என்று நான் நம்பினேன். சிரிக்க வேண்டாம். அப்போது நான் குன்னூரில் ஒரு துப்பாக்கிக் கடையில் விற்பனையாளன். இப்படி நம்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் மூளை போட்ட கணக்கு இதுதான்: பச்சை இலைக்கு விலை இல்லை, ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் புகைவதை நிறுத்துகின்றன, வேலை போனவன் திருடப் போவான், திருட்டு பயம் வந்தால் இருக்கிறவன் துப்பாக்கி வாங்குவான். கணக்கில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. வேலை போனவர்கள் என்று நான் போகிற போக்கில் சொன்ன அந்தக் கூட்டத்தில் என் மனைவியின் பிறந்த வீட்டு ஆட்கள் மொத்தமும் சேரும் நிலையில் இருந்தார்கள் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

கடை கீழ்க் குன்னூரில், பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறும் தெருவில், ஒரு கம்பளிக் கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவே இருந்தது. வெண்ணெயும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த வாசனையில் நான் பல வருஷம் வாழ்ந்திருக்கிறேன். எஸ்டேட் துரைமார்களும் பேங்க் காவலாளிகளும் பன்றித் தொல்லை உள்ள தோட்டக்காரர்களும்தான் எங்கள் வாடிக்கை. எல்லோரும் கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள். தேயிலை விலை விழுந்த பிறகும் அவர்கள் வந்தார்கள், ஆனால் வாங்க அல்ல. “இதை நீங்களே எடுத்துக்கறீங்களா?” என்று கேட்க வந்தார்கள்.

முதலாளி அவிநாசிப் பக்கத்துக்காரர். என்னை விட்டால் துப்பாக்கியைக்கூட ‘வாங்க, போங்க’ என்று பேசுவார் என்று நான் கேலி செய்வேன். அந்த வருஷம் வடக்கே ஒரு கம்பெனி புது வரிசை ரைபிள்களை இறக்கியது. அதுவரை நாங்கள் விற்றதெல்லாம் தேக்குக் கட்டிலுக்குத் தம்பி மாதிரி மரக்கட்டை போட்டவை. இது முழுக்கக் கறுப்பு. கட்டைக்குப் பதில் ஏதோ கெட்டி பிளாஸ்டிக், மேலே டெலஸ்கோப் மாட்ட இடம், பட்டாளத்துச் சாமான் மாதிரி முறைப்பு. தொழில்முறைக்காரர்களுக்கும் பொதுமக்களுக்கும் என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தார்கள். இரண்டு பேரையும் விட்டால் மிச்சம் யார் என்று நான் கேட்டேன். “பன்னிங்க” என்றார் முதலாளி.

அவருக்குத் தூக்கம் இல்லை. இந்த வரிசை ஓடாவிட்டால் கடையை மூடிவிட்டு ஊருக்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தார்.

“ஏனப்பா, இது ஓடுமா?”

“ஓடுமுங்க. இப்ப மலையில எல்லாருத்துக்கும் பயமுங்க. பயம் இருக்கற ஊட்டுல துப்பாக்கி இருக்கோணுமுங்க.”

“இது நல்லா இருக்குதப்பா. இதையே அன்னிக்கு மைக்குல சொல்லு” என்றார். அப்படியாக அந்த வாசகம் பிறந்தது. பிறந்த குழந்தையைப் பார்த்துப் பூரித்தவனும் நான்தான்.

அறிமுக விழா ஒரு திங்கட்கிழமை, பேக்கரிக்கு மேலே இருந்த சின்ன ஹாலில். வெளியே சாரல். மேஜையில் மூன்று ரைபிள்கள், மஞ்சள் துணி, ஊதுபத்தி. பூஜைக்கு வந்த ஐயர் புது வண்டிகளுக்குப் பூஜை போட்டே பழகியவர். தட்டில் நாலு எலுமிச்சம்பழத்தோடு திகைத்து நின்றார்.

“இதை எங்க வைக்கறது? வண்டின்னா டயருக்கு அடியில வைப்பேன்.”

“இதுக்கு டயர் இல்லீங்க சாமி” என்றேன்.

சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு குழலின் வாயருகே போனார். “சாமி, அந்த ஓட்டைக்குள்ள மட்டும் வெக்காதீங்க. அந்த வழியாத்தான் அது பேசும்.” ஐயர் கையை இழுத்துக்கொண்டார். கடைசியில் பழங்களை ரைபிளின் பின்கட்டைக்கு அடியில் முட்டுக் கொடுத்தோம். நான் மைக்கில் பேசும்போது அதில் ஒன்று உருண்டு முன்வரிசையில் இருந்த ரிட்டையர்டு சுபேதார் காலடிக்குப் போயிற்று. அவர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ரசத்துக்கு ஆகும்.

என் வாசகத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. பிறகு டீயும் பேக்கரி வர்க்கி பிஸ்கட்டும். வந்த கூட்டம் வர்க்கிக்குத்தான் வந்தது என்பது தட்டு காலியான வேகத்தில் தெரிந்தது. சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை வைத்திருந்த ஒரு படகர் பெரியவர் மட்டும் ரைபிளைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பி டெலஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

“என்னங்க தெரியுது?”

“எலைக்கு வெலை எங்காவது தெரியுதான்னு பாக்கறேன். தெரியலை. இன்னும் பெருசா ஒண்ணு இருக்கா?”

கூட்டம் சிரித்தது. அப்போதுதான் பின்னால், கதவோரம், ஒரு துரை நின்றதைப் பார்த்தேன். ஒல்லியான மனிதர். முழங்கையில் தோல் ஒட்டுப் போட்ட கோட்டு. கையில் டீயும் இல்லை, வர்க்கியும் இல்லை. கோத்தகிரி ரோட்டுக்குக் கீழே இருக்கும் ஒரு எஸ்டேட்டின் மேனேஜர். அந்த எஸ்டேட்டில் மாதக்கணக்கில் சம்பளம் போடவில்லை. அவர் தன் குடும்பத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டு பங்களாவில் தனியாக இருப்பதாகக் கேள்வி.

அவர் மேஜைக்கு வந்தார், ஆனால் கறுப்பு ரைபிளைக் கையில் எடுக்கவில்லை. விரலால் தொட்டுமட்டும் பார்த்தார்.

“இது வீட்டுல இருந்தா பயம் போயிடுமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

“போயிருமுங்க சார். பயம் இருக்கற ஊட்டுல—”

“அதான் மைக்குல சொன்னீங்களே.” சுற்றி நின்ற கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். “வியாழக்கிழமை கடைக்கு வர்றேன். நீங்க இருப்பீங்க இல்ல? நீங்க இருக்கணும்.”

அவர் இறங்கிப் போனதும் முதலாளி என் தோளைத் தட்டினார். “ஒண்ணு போணியாச்சு பாத்தியா!” நான் தலையாட்டிக்கொண்டே ஒரு வர்க்கியை வாயில் போட்டேன். போட்ட பிறகுதான் மூளை வேலை செய்தது. அந்த எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குத் தலைவர் என் மனைவியின் அண்ணன். சனிக்கிழமை சம்பளப் பெரட்டு. பெரட்டு என்றால் எல்லோரையும் ஒரு களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அன்றைக்கும் சம்பளம் இல்லையென்றால் துரையை விடமாட்டோம் என்று என் மச்சான் ஊரறியச் சொல்லியிருந்தார். பயம் இருக்கிற வீடு எது, பயம் யாரைப் பார்த்து, துப்பாக்கி விற்பது யார் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வர்க்கி தொண்டையில் நின்றது. சுபேதார் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்த பிறகுதான் இறங்கியது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். என் தைரியத்தின் மேல் அவளுக்கு எப்போதுமே பெரிய மதிப்பு கிடையாது. என் வியாபாரத்தின் மேலாவது இருந்தது. அன்றைக்கு அதுவும் போயிற்று.

“ஏங்க, எங்கண்ணனச் சுடுறதுக்கு நீங்களே மைக்குப் புடிச்சு ஆள் சேத்தீங்களா?”

“நான் பொதுவாத்தான் பேசினேன்.”

“பொதுவா பேசினா பொதுவா சுடுவாங்களா? போய் அண்ணங்கிட்ட சொல்லிட்டு வாங்க.”

மறுநாள் வயிற்று வலி என்று லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பொய்யும் இல்லை. பயம் வந்தால் என் வயிறு முந்திக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டில் இரண்டு முறை, இறங்கிய இடத்தில் ஒரு முறை ஒதுங்க வேண்டியிருந்தது. எஸ்டேட் பாதையில் நடந்தபோது வயிற்றைக்கூட மறந்தேன். கொழுந்து கிள்ளாமல் விட்ட தேயிலை தலைக்கு மேல் வளர்ந்து நின்றது. இடுப்புயரச் செடிதான் தேயிலை என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அது காடாகத் தெரிந்தது. உள்ளே ஏதோ பன்றி உறுமியது. நான் நடையை ஓட்டமாக்கினேன்.

என் மனைவி வீட்டார் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மச்சான் லயத்து வாசலில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டு முன்னால், உட்கார்ந்து தேயிலைக் கட்டையை விறகுக்குப் பிளந்துகொண்டிருந்தார்.

“வா மாப்புள. துப்பாக்கி வித்துக் களைச்சுப்போய் வந்திருக்கியா?”

“மச்சான், தொர புதுத் துப்பாக்கி வாங்குறாரு.”

“அவருகிட்டதான் ஏற்கனவே ஒண்ணு இருக்கே. பன்னி சுடுறது.”

“இது பன்னிக்கு இல்ல.”

“பொறகு?”

“ஒங்களுக்கு.”

மச்சான் வெடித்துச் சிரித்தார். “என்னச் சுட எதுக்குப் புதுசு? நா அவ்வளவு பெறுமதியா? இந்தா, பிளேன்டீ குடி. மூஞ்சி வெளிறிப்போயிருக்கு.”

அவர் சிரித்தது சரி. ஆனால் லயத்துச் சுவர் காதுச் சவ்வு மாதிரி மெல்லிசு. பால் இல்லாத அந்த டீயை நான் ஊதிக் குடித்து முடிப்பதற்குள் செய்தி கடைசி வீடு வரை போய்த் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்தபோது துரை வாங்கியது மூன்று துப்பாக்கிகள், ஒன்று பட்டாளத்துச் சாமான். டெலஸ்கோப்பில் பார்த்தால் லயத்துக்குள் யார் என்ன சமைக்கிறார்கள் என்றுகூடத் தெரியுமாம். நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். “நீ பயத்துல மறைக்கிற” என்றார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மற்ற நாளில் செடி வெட்டும் கவாத்துக் கத்தியும் கூடையுமாகப் பெரட்டுக்குப் போவார்கள். சம்பள நாளில் மட்டும் வெறுங்கை. வாங்க வருகிற கையில் ஆயுதம் இருக்கக்கூடாது என்று சிலோனிலேயே ஏற்பட்ட ஒழுங்காம். யாரும் சட்டமாகப் போடவில்லை, ஆனால் யாரும் மீறியதில்லை. அன்றைக்கு வாசலில் கூடிய பெண்களில் ஒருத்தி, “இந்தச் சனிக்கெழம கத்தியோட போவோம்” என்றாள். நான் மச்சான் முகத்தைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கையிலிருந்த விறகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஆளைக் காப்பாற்றப் போனவன் ஊரையே கத்தி தீட்ட வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வியாழக்கிழமை துரை வந்தார். தோளில் நீளமான ஒரு கித்தான் பை. முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். கறுப்பு ரைபிளை எடுத்து வைக்கச் சொல்லி எனக்கு ஜாடை காட்டினார். நான் வைத்தேன். வைத்த கையோடு என் வேலையை ஆரம்பித்தேன்.

“சார், உண்மையைச் சொல்றேன். இது நம்ம மழைக்குத் தாங்காதுங்க. மூணே மாசத்துல துருப் புடிச்சுரும்.”

முதலாளி செருமினார்.

“தோள்ல உதைக்கறது வேற. போன வாரம் ஒருத்தருக்குக் கை எலும்பு பெசகிப் போச்சுங்க.”

“யாருக்கப்பா?” என்றார் முதலாளி.

“வடக்கேங்க. அப்புறம் இந்த பிளாஸ்டிக்கு. குளிர்ல விரிசல் விடுமாம். வெயில்ல எளகுமாம். பன்னி கடிச்சாக்கூட—”

“ஏனுங்க” என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் என்னை ‘ங்க’ போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வேலை போய்விட்டது என்று அதற்கு அர்த்தம். நான் நிறுத்தவில்லை. டெலஸ்கோப்பில் பார்த்தால் கண்வலி வரும் என்றேன். இதை வைத்திருந்தால் இன்கம்டாக்ஸ்காரன் வீட்டுக்கு வருவான் என்றேன். அதை எங்கிருந்து பிடித்தேன் என்று இன்றுவரை தெரியாது.

துரை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் பையை மேஜையில் வைத்து ஜிப்பைத் திறந்தார். உள்ளே பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்.

“நான் வாங்க வரல. இதை இங்க வச்சுட்டுப் போக வந்தேன்.”

லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகக் கடையில் ஒப்படைத்து வைப்பது வழக்கம்தான். ஊருக்குப் போகும்போது வைப்பார்கள், எலெக்‌ஷன் சமயத்தில் வைப்பார்கள். இவர் எங்கும் போகவில்லை, எலெக்‌ஷனும் இல்லை.

“போன மாசம் ஒரு நாள் விடிகாலையில பங்களா மேல ஏதோ விழுந்துச்சு. கல்லெறியறாங்கன்னு நினைச்சேன். இதை லோடு பண்ணிக்கிட்டு வெளிய வந்தேன். ஒரே மிஸ்ட். முன்னால ஒரு ஆள் நிக்குது. விரல் ட்ரிக்கர்ல இருந்துச்சு.” நிறுத்தினார். “பால் ஊத்தற அம்மா. விழுந்தது ஓடு. அந்தம்மா ‘தொர, பாலு’ன்னு சொல்லலைன்னா…”

பக்கத்து பேக்கரியில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“சனிக்கிழமை நான் அவங்க முன்னால நிக்கணும். நல்ல சேதி இல்ல. அன்னிக்கு இது பங்களாவுல இருக்கக்கூடாது. திங்கட்கிழமையே உங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். கூட்டத்துல முடியல.” என்னைப் பார்த்தார். “நீங்க யாருக்கு மாப்பிள்ளைன்னு எனக்குத் தெரியும். உங்க மச்சான்கிட்ட சொல்லிடுங்க, பங்களாவுல துப்பாக்கி இல்லைன்னு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

நான் சொன்னால் எவ்வளவு நம்புவார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னதை நம்பித்தான் அங்கே கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துப்பாக்கியை வாங்கி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து, இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் வயிற்று வலி. முதலாளி ஒன்றும் கேட்கவில்லை, “போயிட்டு வாப்பா” என்றார். ‘ங்க’ இல்லாமல் சொன்னதில் எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதியை மச்சான் எடுத்துக்கொண்டார்.

“செவ்வாக்கெழம வந்து சுடுவாருன்ன. இன்னைக்கு வந்து சுடமாட்டாருங்கிற. நாளைக்கு என்ன சொல்லுவ?”

“மச்சான், நானே பூட்டினேன். இந்தக் கையால.”

“அந்தக் கைய நம்பலாம் மாப்புள. அது செஞ்சதச் செஞ்சிருக்கும். வாயத்தான் நம்ப முடியல.” கொஞ்சம் யோசித்தார். “நான் நம்பிட்டாலும் இவங்க நம்ப மாட்டாங்க. தொர ஒன்ன வெலைக்கு வாங்கிட்டாருன்னு சொல்லுவாங்க. கத்திய வெச்சுட்டு வாங்கன்னு நான் எப்படிச் சொல்லட்டும்? ஒருவேளை நீ மொத தடவ சொன்னதுதான் நெசம்னா?”

வாழ்நாள் முழுக்கப் பேசியே பிழைத்தவன் பூட்டியதையே மறுபடி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை பெரட்டுக் களத்துக்கு நானும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கூட்டத்தோடு நிற்கவும் தைரியம் இல்லை. களத்துக்குப் பக்கத்தில் ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்றேன். என்னைப் போன்ற உடம்புக்கு அந்த மரம் போதவில்லை, இரண்டு பக்கமும் நான் தெரிந்தேன். களத்தில் எல்லோர் கையிலும் கவாத்துக் கத்தி இருந்தது. மச்சான் கையிலும். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

பங்களாப் பாதையில் துரை தனியாக இறங்கி வந்தார். கையில் நீளமாக, கறுப்பாக ஒன்று.

நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்த கானுக்குள், அதாவது தேயிலைக்கு நடுவே மழைத் தண்ணி ஓட வெட்டிய வடிகாலுக்குள், குப்புற விழுந்தேன். பீரோவைப் பூட்டியவன் நான். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. இருந்தும் விழுந்தேன். காதைப் பொத்திக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது மச்சானின் குரல்.

“தொர, துப்பாக்கி எங்க?”

“உங்க மாப்பிள்ளை கடையில.”

“மாப்புள எங்க?”

ஒரு பெண் சொன்னாள்: “அந்தா, கானுக்குள்ள படுத்திருக்காரு.”

மொத்தக் களமும் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்தேன். மூக்கு நுனியிலிருந்து சேறு சொட்டியது. துரையின் கையில் இருந்தது குடை. அதை அப்போதுதான் விரித்தார்.

“ஆமாங்க” என்றேன். “பீரோவுலதான் இருக்குதுங்க. இதா சாவி.” சேறு நிறைந்த சட்டைப் பைக்குள் கை விட்டுத் துழாவிச் சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டினேன்.

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். பெரிய சிரிப்பு இல்லை, வாய்விட்டுச் சிரிக்கிற நாளும் இல்லை அது. மச்சான் என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். தன் கத்தியைக் களத்து ஓரத்தில் கல்லின் மேல் வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து வைத்தார்கள். இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அதன் பிறகு துரை சொன்னார். சம்பளம் இல்லை. எஸ்டேட்டை மூடுகிறார்கள். எஸ்டேட் முதலாளி பம்பாயில் இருக்கிறார், போனை எடுப்பதில்லை. தனக்கும் தீபாவளியிலிருந்து சம்பளம் வரவில்லை.

யாரும் அவரைத் தொடவில்லை. இருட்டும் வரை அவரைக் களத்தின் நடுவே உட்கார வைத்திருந்தார்கள். மாலையில் ஒரு பெண் அவருக்கும் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாள். எஸ்டேட் அந்த வாரமே மூடியது. மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். புது வரிசை ரைபிளில் ஒன்றுகூட விற்கவில்லை. என் முதலாளி மூன்றையும் திருப்பி அனுப்பினார், மறுவருஷம் கடையை மூடினார். இரட்டைக்குழலை வாங்கிப் போகத் துரை வரவில்லை. கடை மூடிய அன்று அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம்.